எட்டுக்கால் உயிரின் ஆறுகால் பருவம்

தா.பழூர் வட்டாரத்து ஊர்களில், மாட்டைக் குளிப்பாட்டும்பொழுது அதன் காதிலும் கழுத்தடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியைப் பிடுங்கி எறிவது அன்றாடக் காட்சி. உண்ணியை எல்லோரும் அறிவர். அதன் உறவினமாகிய சிலந்திப்பேனையோ அறிந்தவர் சிலரே. மிகச் சிறியதாதலின் அது எளிதில் கண்ணில் படுவதில்லை. அதனை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1687ஆம் ஆண்டில் பொனோமோ என்னும் இத்தாலிய மருத்துவர், சொறிநோய் கொண்டோரின் தோலிலிருந்து எடுத்த நுண்ணுயிரை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். அந்நோய் உடலின் கெட்ட நீரால் வருவதன்று, தோலைத் துளைத்து வாழும் ஒரு சிற்றுயிரால் வருவது என்று எழுதினார். 1758இல் உயிரினங்களுக்கு முறையாகப் பெயரிட்ட லின்னேயஸ், உண்ணியையும் சிலந்திப்பேனையும் அக்காரஸ் என்னும் ஒரே பேரினத்துள் அடக்கி, சிறகற்ற பூச்சிகளோடு சேர்த்துவிட்டார். ஆனால் இவை பூச்சிகள் அல்ல. வளர்ந்தவற்றுக்குப் பெரும்பாலும் எட்டுக் கால்கள் உண்டு. எனவே இவை சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. இன்று அறிஞர் இவற்றை இரு பெரும் பிரிவுகளாக வகுக்கின்றனர். மாட்டுண்ணி ஒரு பிரிவைச் சேர்ந்தது. சொறிப்பேனும், இனி நாம் காணப்போகும் காய்ச்சற்பேனும் மற்றொன்றைச் சேர்ந்தவை.

இந்தப் பிரிவினையால் நமக்கு என்ன பயன் என்று மாணவர் கேட்கலாம். விடை ஜப்பான் நாட்டு ஆற்றங்கரையிலிருந்து தொடங்குகிறது.

அந்நாட்டில் வெள்ளம் வடிந்த ஆற்றுப் படுகைகளில் கோடையில் வேலை செய்த உழவர்களைக் கொடிய காய்ச்சல் ஒன்று பற்றியது. செந்நிறமான மிகச் சிறிய பேன் ஒன்றே அதற்குக் காரணம் என்று மக்கள் நெடுங்காலமாகக் கருதிவந்தனர். 1910இல் பிரெஞ்சு அறிஞர் புரும்ப்ட் அப்பேனுக்கு அறிவியல் முறைப்படி பெயரிட்டார். கடித்த பேனுக்கு ஆறு கால்களே இருந்தன. ஏனெனில் அது முதிர்ந்த உயிர் அன்று, இளம்பருவத்தது. இளம்பருவமும் முதிர்ந்த பருவமும் தோற்றத்தில் பெரிதும் வேறுபட்டமையால், இவ்வினத்தில் தாய்க்கு ஒரு பெயரும் பிள்ளைக்கு வேறொரு பெயரும் வழங்கிய குழப்பமும் நேர்ந்தது. இளம்பேனை வளர்த்துப் பார்த்த பின்னரே உண்மை புலப்பட்டது. 1922இல் வால்ஹ் என்பவர் சுமத்திராவின் டெலிப் பகுதியில் கிடைத்த மற்றோர் இனத்துக்கு அவ்விடத்தின் பெயரையே சூட்டினார். தமிழ்நாட்டில் இந்நோயைப் பரப்புவதில் முதன்மையாக விளங்குவது அந்த டெலிப் பேனே.

இதன் வாழ்க்கை வியப்பானது. முதிர்ந்த பேன் யாரையும் கடிப்பதில்லை. மண்ணில் வாழ்ந்து பூச்சி முட்டைகளைத் தின்கிறது. இளம்பேன் மட்டுமே ஒட்டுண்ணி. அது பெருச்சாளி, வயலெலி, மூஞ்சூறு ஆகியவற்றின் மீது ஏறிச் சில நாள் ஒட்டியிருந்து, உமிழ்நீரால் தோலின் திசுவைக் கரைத்து உறிஞ்சிவிட்டு மண்ணில் விழுந்துவிடுகிறது. வாழ்நாளில் அது உண்ணும் விருந்து பெரும்பாலும் அந்த ஒன்றே. மனிதன் தற்செயலாய் அகப்படுபவன்.

ஒருமுறையே கடிக்கும் உயிர், ஓர் உடலின் நோயை இன்னோர் உடலுக்கு எவ்வாறு கொண்டுசெல்லும்? இக்கேள்விக்கு விடை, நோய்க்கிருமி தாய்ப்பேனிடமிருந்து முட்டை வழியே குஞ்சுகளுக்குச் செல்கிறது என்பதே. கிருமியின் இருப்பிடம் எலியைக் காட்டிலும் பேனே ஆகும்.

இரண்டாம் உலகப்போரில், 1944ஆம் ஆண்டு அஸ்ஸாம், பர்மா எல்லைப் புதர்களில் போரிட்ட வீரர் பலரை இக்காய்ச்சல் வீழ்த்தியது. 1948இல் மலாயாவில் குளோரம்பெனிக்கால் மருந்து இதனைத் தணிப்பது மெய்ப்பிக்கப்பட்டது. பின்னர் இந்நோய் பலரது நினைவிலிருந்து மறைந்தது. எனினும் மண்ணிலிருந்து மறையவில்லை. 2001ஆம் ஆண்டு இறுதி முதல் 2002ஆம் ஆண்டுத் தொடக்கம் வரையிலான குளிர் மாதங்களில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பல நோயாளிகளிடம் இதனைக் கண்டறிந்து உலகுக்கு எடுத்துரைத்தனர்.

நம் நாளேடுகள் இதனை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. பெயர் எளிது, ஆனால் வழி தவறச் செய்வது. உண்ணி என்றதும் உழவர் மாட்டின் காதைப் பார்ப்பார். தேட வேண்டிய இடமோ மூஞ்சூறும் எலியும் நடமாடும் வரப்போரப் புதரும் வீட்டுக் கொல்லையும் ஆகும். வகைப்பாடு வெறும் பெயர்ப் பட்டியல் அன்று என்பதை இப்போது உணர்வீர்கள். ஓர் உயிர் யாருக்கு உறவு, எங்கே வாழ்கிறது, எப்போது கடிக்கிறது என்பவற்றை அதுவே நமக்குச் சொல்கிறது.

மழைக்காலத்திலும் அதனை அடுத்த குளிர் மாதங்களிலும் காய்ச்சலும் தலைவலியும் நீடித்தால், அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு முதலிய மறைவிடங்களில் நெருப்புச் சுட்டாற்போன்ற கறுத்த பொருக்கு உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். பெரும்பாலும் அதில் வலி இராது. ஆதலால் நோயாளியே அதனை அறியார். எல்லோரிடமும் அது தோன்றுவதுமில்லை; எனவே பொருக்கு இல்லையென்று வாளாவிருத்தலும் தவறு. உரிய காலத்தில் டாக்சிசைக்ளின் போன்ற மருந்தை மருத்துவர் அளித்தால் நோயாளி பெரும்பாலும் விரைவில் நலம் பெறுவார். காலந்தாழ்த்தினால் நுரையீரலும் மூளையும் தாக்குண்டு உயிருக்கே இடர் நேரலாம்.

கொள்ளிடக் கரையில் வளரும் மாணவர், கிராமத்துப் பெரியவருக்குக் காய்ச்சல் என்றால், "வயலிலோ புதரிலோ வேலை செய்தீர்களா, ஐயா? உடம்பில் எங்கேனும் கறுத்த பொருக்கு உண்டா?" என்று கேட்டு, மருத்துவரிடம் அதைச் சொல்லட்டும். விலங்கியல் பாடத்தில் படித்த ஆறு கால்கள் ஓர் உயிரைக் காக்குமானால், அக்கல்விக்கு வேறு பெருமை வேண்டுவதில்லை.