வானிலையும் தற்கொலை அபாயமும்

இருண்ட குளிர்காலமே மனச்சோர்வை முற்றச் செய்து தற்கொலைகளைப் பெருக்குகிறது என்னும் நம்பிக்கை பரவலாக இருப்பினும், மிதவெப்ப நாடுகளின் பதிவுகள் இதற்கு நேர்மாறாக உள்ளன. ஐரோப்பாவில் இவ்விறப்புகள் டிசம்பரையொட்டிக் குறைந்தும், வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் மிகுந்தும் வந்துள்ளன. இத்தாலிய மருத்துவர் என்ரிக்கோ மோர்செல்லி 1879-இல் வெளியிட்ட நூலில், பருவத்தின் முதல் வெப்பம் நரம்பு மண்டலத்தைக் கிளர்த்துவதே இதற்குக் காரணம் என்றார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-இல் இதை மறுத்து, வசந்தத்தைவிட இலையுதிர்காலம் சற்று வெப்பமானதாயினும் அப்போது தற்கொலைகள் குறைவு என்பதைச் சுட்டி, பகல் நீள நீளச் சமூக வாழ்வின் வேகம் கூடுவதே காரணம் என வாதிட்டார்.

உயிரியல் விளக்கம் பின்னர் வந்தது. மனநிலையையும் உள்ளெழுச்சிகளையும் நெறிப்படுத்தும் மூளை வேதிப்பொருளான செரட்டோனினின் சுழற்சி குளிர்காலத்தில் மிகக் குறைவாகவும், அன்றைய வெயில் நேரத்துக்கு ஏற்பக் கூடுதலாகவும் இருப்பதை 2002-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. ஆயினும், இம்மாற்றம் தற்கொலை அபாயத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பது இன்னும் ஊகமாகவே உள்ளது.

வெப்பம் பற்றிய சான்று இதைவிட வலுவானது. மாதச் சராசரி வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் தற்கொலை விகிதம் அமெரிக்காவில் 0.7 விழுக்காடும் மெக்சிகோவில் 2.1 விழுக்காடும் கூடுவதாக 2018-இல் மார்ஷல் பர்க் குழுவினர் கண்டனர். இந்தியாவின் 1967 முதல் 2013 வரையிலான தரவுகளை ஆராய்ந்த டாமா கார்ல்டன், பயிர்ப்பருவத்தில் 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் ஒரே நாளில் 1 டிகிரி கூடினாலும் நாடு முழுவதும் சராசரியாக ஏறத்தாழ 70 தற்கொலைகள் கூடுவதாக 2017-இல் மதிப்பிட்டார். பயிரில்லாக் காலத்தில் அதே வெப்பம் அத்தகைய விளைவைத் தரவில்லை. பயிர்ப்பருவத்தில் மழை மிகுந்த ஆண்டுகளிலோ விகிதம் குறைந்தது. எனவே இந்தியாவைப் பொறுத்தவரை, உடலைச் சுடும் வெயிலைவிட விளைச்சலையும் அதன்வழி வருவாயையும் கருக்கும் வெயிலே முதன்மையானது எனக் கொள்வது பொருத்தம்.

எனினும் இவை மக்கள்தொகையின் சராசரிகளே. தனியொருவரின் முடிவை வெயிலின் கணக்கில் எழுத இவை இடந்தருவதில்லை. மனநோய், கடன், குடும்ப வன்முறை, தனிமை எனப் பல காரணங்கள் பின்னிய நிலையில் வானிலை சிறு கூடுதல் சுமையாகவே அமைகிறது. அதோடு, இந்தியத் தரவு காவல்துறைப் பதிவுகளிலிருந்து திரட்டப்படுவது. தற்கொலை முயற்சி குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில் வழக்குக்கும் பழிச்சொல்லுக்கும் அஞ்சிக் குடும்பங்கள் உண்மையை மறைத்ததால் எண்ணிக்கை குறைவாகவே பதிவாயிற்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சையையும் மறுவாழ்வையும் அரசின் கடமையாக்கியது. 2022-இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை, 14416 என்ற எண்ணில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இரவு பகலாக ஆலோசனை வழங்குகிறது.