மாதிரிக்கு யார் பொறுப்பு? கட்டடத் தகவல் மாதிரியாக்கமும் கட்டுமானத்தில் தகவல் பரிமாற்றமும்

கட்டடத் தகவல் மாதிரியாக்கம் (துறையினர் வழக்கில் 'பிம்') வந்துவிட்டால் கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், ஒப்பந்ததாரர் ஆகியோருக்கிடையே செய்தி தவறிப்போகாது என்று மென்பொருள் விற்பவர் முதல் பாடத்திட்டம் எழுதுபவர் வரை பலரும் சொல்கிறார்கள். இக்கட்டுரை அதில் பாதியை மட்டுமே ஏற்கிறது. ஒரு பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கட்டடத்தின் கணினி மாதிரி, வரைபடத்தைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. அதைக் கணக்கிட்டுப் பார்த்தவர் யார், எந்த வரிசையில் பொருத்த வேண்டும், பிழையானால் யார் பதில் சொல்வது என்பவற்றை அது தானாகச் சொல்வதில்லை. உயிரையும் பணத்தையும் விழுங்கிய தவறுகள் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

மாதிரிக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிடலாம். 1970-களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஈஸ்ட்மன் முன்வைத்த எண்ணம் எளிமையானது. கட்டடத்தைக் கோடுகளாக வரையாமல் சுவர், தூண், கதவு எனப் பகுதிகளின் தரவுத்தளமாகப் பதிந்துகொண்டால் பிளான், செக்‌ஷன், பொருள் பட்டியல் எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுக்கலாம். காகித முறையில் ஒரு ஜன்னலை ஓரடி நகர்த்தினால் பிளான், எலிவேஷன், செக்‌ஷன், அட்டவணை என ஒவ்வொன்றிலும் திருத்த வேண்டும். ஒன்றில் மறந்தால், அந்தத் தாள் கையில் கிடைத்தவர் பழைய இடத்திலேயே லிண்டல் போட்டுவிடுவார். ஹாங்காங்கின் 70 மாடி ஒன் ஐலண்ட் ஈஸ்ட் கட்டடத்தில் (2008) பீமுக்குள் குழாய் நுழைவது போன்ற 2,000-க்கும் மேற்பட்ட மோதல்கள் டெண்டருக்கு முன்பே மாதிரியில் பிடிபட்டுத் தீர்க்கப்பட்டன. களத்தில் தெரியவந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதமும் சில நாள் காத்திருப்பும் செலவாகியிருக்கும். சிலவற்றுக்குக் காங்கிரீட்டையே உடைக்க வேண்டியிருந்திருக்கும்.

மாதிரிக்குப் பிடிபடாதவை வேறு. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டலின் கூடத்தில் இரண்டு தொங்கு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தனர். மூல வடிவமைப்பின்படி கூரையிலிருந்து இறங்கும் எஃகுக் கம்பிகள் நான்காம் தளப் பாலத்தின் பெட்டிப் பீமைத் துளைத்துக்கொண்டு இரண்டாம் தளப் பாலம்வரை ஒரே துண்டாகச் செல்ல வேண்டும். அந்தந்தப் பாலத்தின் சுமையை அந்தந்த மட்டத்து நட்டு தாங்கும். ஆனால் நான்காம் தளத்து நட்டை அதன் இடத்துக்குக் கொண்டுசேர்க்கக் கம்பியில் கீழிருந்து நெடுக மரை வெட்ட வேண்டும். எஃகு வேலை எடுத்தவர்கள் அதைத் தவிர்க்கக் கம்பியை இரண்டாக்கினார்கள்: கூரையிலிருந்து நான்காம் தளத்துக்கு ஒன்று, நான்காம் தளப் பீமிலிருந்து இரண்டாம் தளத்துக்கு இன்னொன்று. கீழ்ப்பாலம் இப்போது மேல்பாலத்திலிருந்து தொங்கியது. நான்காம் தளத்து நட்டின்மேல் இரண்டு பாலங்களின் சுமை ஏறியது.

இந்த மாற்றத்தை யாரும் மறைக்கவில்லை. எஃகுத் தரப்பு தயாரித்த விவர வரைபடமான ஷாப் டிராயிங்கில் அது இருந்தது, அந்தத் தாளில் பொறியாளரின் முத்திரையும் இருந்தது. இணைப்பைக் கணக்கிடுவது பொறியாளரின் வேலை என்று எஃகுத் தரப்பும், எஃகுத் தரப்பின் வேலை என்று பொறியாளரும் இருந்துவிட்டார்கள். மூல வடிவமைப்பிலும் அந்த இணைப்பு நகரக் கட்டட விதி கேட்ட வலுவில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் கொண்டிருந்தது என்பது விசாரணையில் தெரிந்தது. இரு பொறியாளர்களின் உரிமத்தை மிசோரி மாநிலம் பின்னர் பறித்தது.

இதே இணைப்பை இன்று மாதிரியில் அமைத்து மோதல் சோதனை ஓட்டினால் ஒன்றும் சிவப்பாகாது. நான்கு அங்குல இடைவெளியில் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று இடிக்காமல் பீமில் இறங்கும். கணக்கீட்டு மென்பொருளுடன் மாதிரியை இணைத்திருப்பார்களே என்று கேட்கலாம். இணைத்திருந்தாலும் அந்தச் சின்ன இணைப்பைக் கணக்கில் ஏற்ற வேண்டியவர் யார் என்ற கேள்வி தீரவில்லை. 1981-இல் விடை இல்லாமல் போனது அந்தக் கேள்விக்குத்தான்.

இன்னொரு சான்று பிம் காலத்தது. பெயர் வெளியிடப்படாத ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் ஆய்வுக் கட்டடம் பற்றிய வழக்கு 2011-இல் துறை இதழ்களில் பேசப்பட்டது. சீலிங்குக்கு மேலுள்ள குறுகிய இடத்தில் ஏசி டக்ட், குழாய், மின்தடம் எல்லாவற்றையும் மாதிரியில் நெருக்கி அடுக்கியிருந்தார்கள். மாதிரியில் எல்லாம் அடங்கியது. ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர் கார் டிக்கியில் சாமான் ஏற்றுவதுபோல, எது முதலில் எது பின்னால் என்ற வரிசை தப்பினால் அடங்காது. அந்த வரிசையை வடிவமைப்புக் குழு ஒப்பந்ததாரரிடம் சொல்லவில்லை. வேலை 70 விழுக்காடு அளவில் நடந்திருந்தபோது மேலே இடம் தீர்ந்துபோயிற்று. ஒப்பந்ததாரர் உரிமையாளர்மேலும், உரிமையாளர் கட்டடக் கலைஞர்மேலும் வழக்குப் போட்டு, கடைசியில் பல மில்லியன் டாலரில் சமரசமாயிற்று.

கால வரிசையையும் மாதிரியில் ஏற்றும் வசதி உண்டே என்பது நியாயமான மறுப்பு. வசதி உண்டுதான், ஆனால் ஏற்றுவது யார்? கட்டும் முறை ஒப்பந்ததாரர் பொறுப்பு என்று வழக்கமான ஒப்பந்தங்கள் சொல்வதால் வடிவமைப்பவர் வரிசையைப் பற்றி வாய் திறக்கத் தயங்குகிறார். திறந்தால் பொறுப்பும் கூடவே வந்துவிடும். மாதிரியைக் கைமாற்றும்போது 'பார்வைக்கு மட்டும், வரைபடமே செல்லும்' என்று ஒரு வரி சேர்ப்பதும் வழக்கம். எழுதியவரே பொறுப்பேற்காத கோப்பை நம்பி யாரும் கம்பி வெட்ட முடியாது. ஆகவே தகவல் பரிமாற்றத்தின் கோளாறு மென்பொருளைவிட ஒப்பந்தத்தில் ஆழமாக இருக்கிறது என்பதே என் வாதம்.

கட்டடத் தகவலைக் கையாள்வதற்காக 2018-இல் வந்த ஐஎஸ்ஓ 19650 தரநிலையின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. ஒவ்வொரு கோப்பும் பணியில் உள்ளது, பகிரப்பட்டது, வெளியிடப்பட்டது, காப்பில் வைக்கப்பட்டது என்ற நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்க வேண்டும். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகச் சரிபார்ப்பும் ஒப்புதலும் வேண்டும். பார்க்கச் சலிப்பூட்டும் ஏற்பாடுதான். ஆனால் கட்டடத்துக்குள் பறந்து சுற்றும் வண்ண அசைபடங்களைவிட இதற்கே நான் அதிக மதிப்புத் தருவேன். கலிபோர்னியாவின் காஸ்ட்ரோ வேலியில் 2012-இல் திறக்கப்பட்ட ஈடன் மருத்துவமனை இதைவிட ஒரு படி மேலே போனது. உரிமையாளர், வடிவமைப்பாளர், முக்கியத் துணை ஒப்பந்ததாரர்கள் என 11 தரப்பினர் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இலாபத்தையும் இடரையும் பகிர்ந்துகொண்டார்கள். டக்ட் மாட்டப்போகிறவர் மாதிரி உருவாகும்போதே மேசையில் இருந்தால் வரிசை பற்றிய செய்தி தனியாகப் பயணப்பட வேண்டியதில்லை.

சென்னையில் இந்தத் தகவல் பரிமாற்றச் சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. வெளிநாட்டுக் கட்டடங்களுக்கான மாதிரிகளை இங்குள்ள இளம் பொறியாளர்கள் தயாரிக்கிறார்கள். களத்தைக் காணாத அவர்களின் சந்தேகம் பல அடுக்கு மேலாளர்களைக் கடந்துதான் பதில் தெரிந்தவரை அடைய முடியும். உள்ளூர்க் களங்களிலோ மாதிரி பெரும்பாலும் அலுவலகக் கணினியோடு நின்றுவிடுகிறது. மேஸ்திரியின் கைக்குப் போவது அச்செடுத்த தாள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கம்பி கட்டுபவர்களுக்குத் தமிழ்க் குறிப்பைவிட முப்பரிமாணப் படம் எளிதில் விளங்கும். அந்தப் படம் களத்துக்கு வந்தால்தானே?

இதை மாற்றத் தொடங்க வேண்டியவர் யார்? மென்பொருள்கள் ஒன்றோடொன்று தரவைப் பகிர முடியாததால் 2002-இல் அமெரிக்கக் கட்டடத் துறைக்கு 15.8 பில்லியன் டாலர் இழப்பு என்று அந்நாட்டின் தரநிலை நிறுவனம் 2004-இல் மதிப்பிட்டது. அதில் 10.6 பில்லியன் கட்டட உரிமையாளர்கள், பராமரிப்பவர்கள் தலையில் விழுந்தது. அதனால் மாற்றத்தையும் உரிமையாளர்தான் தொடங்க வேண்டும். நம் பொதுப்பணித் துறைகளும் பெரிய தனியார் நிறுவனங்களும் டெண்டர் ஆவணத்தில் 'பிம் கட்டாயம்' என்று எழுதுவதோடு நிறுத்த வேண்டாம். மாதிரியும் வரைபடமும் முரண்பட்டால் எது செல்லும், ஒவ்வோர் இணைப்புக்கும் கணக்குப் போட வேண்டியவர் யார், பிளம்பிங், மின், ஏசி ஒப்பந்ததாரர்கள் எந்தக் கட்டத்தில் மாதிரிக்குள் வருவார்கள் என்பவற்றையும் அதே ஆவணத்தில் எழுதுங்கள்.