தங்க வயலும் தட்டி வீடுகளும்

ஒரகடத்திலிருந்து வாலாசாபாத் நோக்கிச் செல்வோர் சாலையின் இருமருங்கும் நிற்கும் தொழிற்கூடங்களைக் கண்டு வியப்பர். வாலாசாபாத்தை ஒட்டிச் செல்லும் பாலாற்றை ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே. நந்திமலைப் பகுதியில் தோன்றும் அந்த ஆறு, நம் பக்கம் வருமுன் பேத்தமங்கலம் ஏரியில் தங்கி, ஒரு பெருநகரின் குடிநீராக விளங்கியது. அந்நகரே கோலார் தங்க வயல். ஆலைகளை நம்பி வாழத் தொடங்கிவிட்ட நம் வட்டாரத்தார் அதன் கதையை அறிதல் வேண்டும்.

அங்கே தங்கம் இருப்பது வெள்ளையர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஊராருக்குத் தெரியும். 1802-இல் நில அளவைக்கு வந்த வாரன் என்னும் படை அதிகாரி, மண்ணை அரித்துப் பொன் எடுக்கும் அவர்களைக் கண்டு எழுதிவைத்தார். அக்குறிப்பைப் பிற்காலத்தில் படித்தவர் லவேல் என்னும் அயர்லாந்துக்காரர். நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் குடியேறியவர். 1873-இல் மைசூர் அரசுக்கு விண்ணப்பித்து, 1875-இல் சுரங்க உரிமை பெற்றார்.

பின்னர் இலண்டன் பங்குச் சந்தையை இந்தியப் பொன் மோகம் பிடித்து ஆட்டியது. நீலகிரியை அடுத்த பந்தலூர், தேவாலா பகுதிகளிலும் 1880 வாக்கில் நிறுவனங்கள் காளான்போல் முளைத்தன. போட்ட முதல் திரும்பாமல் சில ஆண்டுகளில் அவை மறைந்தன. இன்று அங்கே தேயிலை விளைகிறது. கோலாரும் அவ்வழியே போயிருக்கும். கையிருப்பு தீரும் வேளையில் 'சாம்பியன்' என்னும் பொன்படிவம் அகப்பட்டமையால் அது பிழைத்தது. ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கங்களின் மேலாண்மையை ஏற்றனர். 1902-இல் சிவசமுத்திரம் அருவியின் மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து தங்க வயலுக்கு வந்தது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது அதன் பின்னரே.

பாறையைக் குடைந்தவர் யாவர்? பெரும்பாலோர் தமிழர், வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்றோர், பெரிதும் ஒடுக்கப்பட்ட சமூகத்தார். தாது வருடப் பஞ்சம் அடித்து நொறுக்கிய மாவட்டங்கள் அவை. மூங்கில் தட்டி வீடுகளில் குடியிருந்து, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுள்ள சுரங்கத்தில் இறங்கினர். அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாளாமல் பாறை வெடித்துச் சிதறும். தப்பியவர் நுரையீரலில் கல்தூசி படிந்தது.

ஆயினும் அவர்களை வெறும் கூலிகளாக எழுதிவிட்டுப் போவது அறியாமை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் கிளைகள் இருந்தன. அவர் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்' இதழ், 1926-இல் கோலாரிலிருந்தே அப்பாதுரையாரால் மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்தது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் இச்செய்திக்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை என்பது என் மனக்குறை. கைரேகை பதிவு செய்யவேண்டும் என்ற ஆணையை எதிர்த்து 1930-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர், ஆணை பின்வாங்கப்பட்டது. 1946 நவம்பரில் காவலர் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் அறுவர் மாண்டனர்.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசுடைமையாயின; 1962-இல் மத்திய அரசிடம் சென்றன. தொடக்கத்தில் ஒரு டன் பாறைக்கு 45 கிராம் அளவில் கிடைத்த பொன், இறுதியில் 3 கிராமாகச் சுருங்கியது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. எடுத்த தங்கம் மொத்தம் 800 டன்.

பொன் தீர்ந்தது இயற்கை. அத்துடன் ஊரும் தளர்ந்ததற்குக் காரணம் வேறு என்று கருதுகிறேன். அங்கே குடியிருப்பு, குடிநீர், மின்சாரம், மருத்துவமனை யாவும் சுரங்கத்தைச் சார்ந்தவை. நான்கு தலைமுறை உழைத்தவன் பெயரில் நான்கடி நிலம் இல்லை. திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014-இல் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அது சிறு துயரன்று. எனினும் அவருள் பலருக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது. அதே வளாகத்தில் பின்னர் வேறொரு நிறுவனம் புகுந்தது. வெறுமையான சுரங்கத்தில் யார் புகுவார்? வடமாநிலங்களிலிருந்து வந்து நம் ஆலைப்புறங்களில் ஒரே அறையில் பத்துப் பேராய்த் தங்கும் இளைஞரைக் காணும்போதெல்லாம், தட்டி வீடுகளே என் நினைவில் எழுகின்றன.

தங்க வயலார் இன்று விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்து இரவில் வீடு திரும்புகின்றனர். பொன் பிரித்தபின் கொட்டிய கழிவுமண், சயனைடு மேடுகளாக ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. எஞ்சிய பொன்னை அவற்றிலிருந்து எடுக்கும் திட்டத்துக்குக் கருநாடக அமைச்சரவை 2024-இல் இசைவு அளித்தது. காற்றடிக்கும் பருவத்தில் அம்மேடுகளின் புழுதி இன்றும் தொழிலாளர் வீடுகளுக்குள் வந்து படிகிறது.