மெலட்டூர் பாகவத மேளா: குடியேறிய குடும்பங்களும் தலைமுறைத் தொடர்ச்சியும்

பாகவத மேளா என்பது தஞ்சாவூர் மாவட்டத்தில் தெலுங்கு மொழியில் நிகழ்த்தப்பட்டுவரும் இசை, நாட்டிய நாடக மரபாகும். பாபநாசம் வட்டத்தில் உள்ள மெலட்டூரும் சாலியமங்கலமும் இதன் முதன்மையான ஊர்கள். விசயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு நாட்டிலிருந்து காவிரிப் படுகைக்கு வந்து குடியேறிய அந்தணர் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இதை நடத்துகின்றனர். புலம்பெயர்ந்த குடும்பங்கள் எங்கு இருந்தாலும் அவற்றுக்குப் பொதுவான ஓர் அச்சம் உண்டு. தாங்கள் கொண்டுவந்த மொழியும் வழக்கமும் கலையும் பேரப்பிள்ளைகள் காலத்தில் இல்லாமல் போய்விடுமோ என்பதே அது. அந்த அச்சத்தோடு பல தலைமுறைகள் வாழ்ந்து, மொழியின் பெரும்பகுதியை வீட்டில் இழந்தும் கலையை இழக்காமல் காத்த ஒரு சமூகத்தின் வரலாறாக மெலட்டூரின் வரலாற்றைப் படிக்கலாம்.

இடம்

இங்குக் குறிப்பிடப்படும் பாபநாசம் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் உள்ள ஊர். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையில் உள்ள பாபநாசம் வேறு. தஞ்சாவூர்ப் பாபநாசம் வட்டம் முழுவதும் நெல் விளையும் பூமி. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயில் வளாகத்தில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. செங்கல்லால் வட்டமாகக் கட்டப்பட்ட அக்களஞ்சியம் 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். கலைக்கும் இந்தக் களஞ்சியத்துக்கும் தொடர்பு உண்டு. இரவு முழுவதும் நாடகம் ஆடவும், அதற்கென ஆண்டு முழுவதும் பயிற்சி செய்யவும் ஓர் ஊருக்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வைக் கொடுத்தது காவிரி நீரும் நெல்லும்தான்.

குடியேற்றம்

1565ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போரில் விசயநகரப் பேரரசு தோல்வியுற்றது. தலைநகர் அழிந்தபின் அதை நம்பி வாழ்ந்த புலவர்களும் இசைவாணர்களும் வேதம் பயின்றோரும் தெற்கு நோக்கி வந்தனர். தஞ்சையில் அப்போது நாயக்கர் ஆட்சி நடைபெற்றது. சேவப்ப நாயக்கர், அச்சுதப்ப நாயக்கர், இரகுநாத நாயக்கர், விசயராகவ நாயக்கர் ஆகிய நால்வரும் அடுத்தடுத்து ஆண்டனர். அவர்களின் அரசவையில் தெலுங்கு இலக்கிய மொழியாக விளங்கியது.

அச்சுதப்ப நாயக்கர் 510 அந்தணர் குடும்பங்களுக்கு வீடு, கிணறு, நிலம் ஆகியவற்றைத் தானமாகக் கொடுத்து ஓர் ஊரை அமைத்தார் என்பது மெலட்டூரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மன்னர் பெயரால் அவ்வூர் அச்சுதபுரம் எனவும், உன்னதபுரம் எனவும் வழங்கப்பட்டது. பிற்காலத்தில் மெலட்டூர் என்ற பெயர் நிலைத்தது.

வந்தவர்களின் நிலை விந்தையானது. அரசவையில் அவர்கள் மொழிக்கு உயர்ந்த இடம் இருந்தது. ஆனால் வயலிலும் சந்தையிலும் ஆற்றங்கரையிலும் பேசப்பட்டது தமிழ். 1670களில் நாயக்கர் ஆட்சி முடிந்து மராட்டியர் ஆட்சி தொடங்கியபோதும் அரசவையில் தெலுங்கின் மதிப்புக் குறையவில்லை. மராட்டிய மன்னர் சாகசி தாமே தெலுங்கில் யட்சகான நாடகங்கள் இயற்றினார். ஆகவே முதல் சில தலைமுறைகளுக்கு மொழி போய்விடும் என்ற கவலை பெரிதாக எழுந்திருக்க வேண்டியதில்லை. அரசின் ஆதரவு இருக்கும்வரை குடியேறியவர்களின் பண்பாடு பாதுகாப்பாக இருந்தது. 1855இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுக்கு வந்தபோது அந்த ஆதரவும் போயிற்று.

நாடகங்களும் ஆசிரியர்களும்

மெலட்டூரில் வாழ்ந்த வீரபத்திரய்யா இசை, நாட்டிய உருப்படிகளை இயற்றுவதில் முன்னோடியாகக் கருதப்படுகிறார். முத்துசாமி தீட்சிதரின் தந்தை இராமசாமி தீட்சிதர் இவரிடம் இசை பயின்றவர். அவருக்குப் பின் வந்த மெலட்டூர் வேங்கடராம சாத்திரி, பாகவத மேளாவுக்கு இன்றுள்ள உருவத்தைத் தந்தவர். இவர் தியாகராசரின் காலத்தில் வாழ்ந்த மூத்தவர். பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், அரிச்சந்திரா, ருக்மாங்கதா, மார்க்கண்டேயா, சீதா கல்யாணம், ருக்மிணி கல்யாணம், கம்ச வதம் முதலிய நாடகங்கள் இவர் இயற்றியவை.

திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் (1767–1847) பிரகலாத பக்தி விசயம், நௌகா சரித்திரம் ஆகிய இசை நாடகங்களைத் தெலுங்கில் இயற்றினார். தியாகராசரின் முன்னோரும் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்களே. ஆகையால் கருநாடக இசையின் வளமான ஒரு பகுதி, குடியேறிய குடும்பங்கள் தங்கள் மொழியை விடாமல் வைத்திருந்ததால் நமக்குக் கிடைத்தது என்று கூறலாம்.

நிகழ்த்தும் முறை

ஆண்டுதோறும் வைசாக மாதத்து வளர்பிறைச் சதுர்த்தசியில் வரும் நரசிம்ம செயந்தியை ஒட்டி நாடகங்கள் நடைபெறும். இது பெரும்பாலும் மே மாதத்தில் அமையும். மெலட்டூர் வரதராசப் பெருமாள் கோயிலின் முன்னுள்ள தெருவே அரங்கம். பெருமாளே முதல் பார்வையாளர் என்பது நம்பிக்கை. இரவு தொடங்கும் நாடகம் விடியும்வரை நீளும்.

முதலில் கோணங்கி வந்து ஆடிப் பார்வையாளரைச் சிரிக்க வைப்பான். அடுத்துப் பிள்ளையார் முகமூடி அணிந்த ஒரு சிறுவன் வந்து வாழ்த்துவான். பின்னர் ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய தருவுடன் அறிமுகமாகும். தரு என்பது நாடகத்தில் பாடப்படும் பாடல் வகை. பாடலுக்கு அபிநயமும், தாளத்துக்கு நாட்டியமும், இடையிடையே நடிகர்களே பேசும் வசனமும் உண்டு. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்பர். பிரகலாதனின் தாய் லீலாவதி வேடம் நல்ல நடிகருக்கு ஒரு தேர்வு போன்றது.

பிரகலாத சரித்திரத்தின் உச்சம் நரசிம்மர் தோன்றும் காட்சி. நரசிம்மர் முகமூடி கோயிலில் வைத்து வழிபடப்படுவது. அதை அணிபவர் விரதம் இருந்தே அணிவார். முகமூடி அணிந்தவர் ஆவேசம் கொள்வதும், அருகில் உள்ளவர்கள் அவரைப் பிடித்துக்கொள்வதும் வழக்கம். அந்நேரத்தில் கூடியிருப்போர் அதை நாடகமாகப் பார்ப்பதில்லை, வழிபாடாகவே கொள்கின்றனர்.

தலைமுறைக்குக் கைமாறும் விதம்

இம்மரபில் நடிகர்கள் ஊதியத்துக்காக ஆடுவதில்லை. ஆடுவது பெருமாளுக்குச் செய்யும் கைங்கரியம். குறிப்பிட்ட குடும்பம் குறிப்பிட்ட வேடத்தை வழிவழியாக ஏற்பதும் உண்டு. பிள்ளையாராக மேடை ஏறும் சிறுவன் வளர்ந்து பிரகலாதன் ஆவான். பின்னர் பெண் வேடங்கள், அதன்பின் அரசன் வேடம் என்று வயதுக்கு ஏற்ப முன்னேறுவான். முதுமையில் பக்கப்பாட்டோ நட்டுவாங்கமோ அவனுக்குக் காத்திருக்கும். இவ்வாறு ஒருவருடைய வாழ்நாள் முழுவதற்கும் நாடகத்தில் ஓர் இடம் உண்டு. பிள்ளைகளுக்கு மரபைக் கற்பிப்பது எப்படி என்ற கேள்விக்கு மெலட்டூர் கண்ட விடை இதுதான். அறிவுரை சொல்லிக் கற்பிப்பதை நம்பாமல், ஒரு வேடத்தைக் கொடுத்துப் பொறுப்பை ஏற்றிவிடுவது.

தேய்வும் மீட்பும்

ஒரு காலத்தில் மெலட்டூர், சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர், தேப்பெருமாநல்லூர் ஆகிய ஆறு ஊர்களில் பாகவத மேளா நடைபெற்றது. அவற்றுள் பாதி ஊர்களில் அது நின்றுவிட்டது. ஆகவே இக்குடும்பங்களின் அச்சம் வெறும் கற்பனையன்று. பக்கத்து ஊர்களில் நடந்ததைக் கண்ணால் கண்டதால் வந்தது.

காரணங்கள் பல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள் வேலை தேடிச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் சென்றனர். 1952ஆம் ஆண்டு தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் நில உச்சவரம்புச் சட்டமும், 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டங்களும் வந்தன. உழுபவருக்கு நீதி வழங்கிய இச்சட்டங்கள் தேவையானவை. அதே நேரத்தில் நில வருவாயை நம்பி அக்கிரகாரத்தில் வாழ்ந்தோர் ஊரைவிட்டு வெளியேறுவதும் விரைவுபட்டது. 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆந்திரே பெத்தேய், அந்தணர்கள் நிலத்தை விற்றுவிட்டு நகரங்களுக்குச் செல்வதைப் பதிவு செய்துள்ளார்.

மெலட்டூரில் நாடகம் தளர்ந்திருந்த வேளையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பரதம் நடேசய்யர் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். அவருக்குப் பின் மீண்டும் ஒரு தொய்வு ஏற்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பரதநாட்டிய மீட்சிக்குப் பாடுபட்ட வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் (1897–1968) மெலட்டூரின்பால் கவனம் செலுத்தி, வெளியுலகம் அதை அறியச் செய்தார். ருக்மிணி தேவியின் கலாட்சேத்திரா, பாகவத மேளா நாடகங்கள் சிலவற்றைத் தன் மேடைக்கேற்ப அமைத்து நிகழ்த்தியது. நகரத்தார் கண்களில் மதிப்புக் கிடைத்தபின் ஊரிலும் ஊக்கம் பிறந்தது. இன்று மெலட்டூரில் இரண்டு குழுக்கள் தனித்தனியே விழா நடத்துகின்றன.

மொழி என்னும் சிக்கல்

இக்குடும்பங்களின் வீட்டுப் பேச்சில் தமிழ் கலந்தது. பல வீடுகளில் தமிழே பேச்சு மொழியாயிற்று. பிள்ளைகள் தமிழ்வழியிலோ ஆங்கிலவழியிலோ படித்தார்கள். தெலுங்கு எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களும் தெலுங்கு நாடகம் ஆட வேண்டிய நிலை வந்தது.

தமிழ்நாட்டில் இசை பயிலும் மாணவர்கள் தெலுங்குக் கீர்த்தனைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவது வழக்கம். இது எளிய வழி. ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. தமிழ் எழுத்தில் வல்லின, மெல்லொலி வேறுபாடு காட்டத் தனி எழுத்து இல்லை. தெலுங்கில் கோயிலைக் குறிக்கும் சொல்லும் வலப்பக்கத்தைக் குறிக்கும் சொல்லும் முதல் எழுத்தின் ஒலியால் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் ‘குடி’ என்றே ஆகும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து ஒலியைத் திருத்தாவிட்டால் பொருள் மாறிவிடும். ஆகையால் ஏடு மட்டும் போதாது, ஆசிரியரின் வாயிலிருந்தே பாடம் வரவேண்டும்.

பாட்டைவிட வசனத்துக்கே ஆபத்து அதிகம். பாட்டை மெட்டு காப்பாற்றும். வசனத்தைப் பேச மொழியறிவு வேண்டும். மொழி அறியாத நடிகர் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க முடியும். அந்த நேரத்துக்கு ஏற்ப ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நாடகம் நிற்கும், அதன் பேச்சு உறைந்துபோகும்.

பிற குடியேறிகளின் அனுபவம்

பாபநாசம் வட்டத்திலேயே இதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. அய்யம்பேட்டையில் நெசவுத் தொழில் செய்யும் சௌராட்டிரர்கள் வாழ்கின்றனர். தியாகராசரின் மாணவரான வாலாசாபேட்டை வேங்கடரமண பாகவதர் இச்சமூகத்தவர், அய்யம்பேட்டையில் வாழ்ந்தவர். சௌராட்டிரர்களுக்குப் பெருங்கலையாக ஒரு நாடகம் இல்லை. ஆனால் மொழியை வீட்டிலும் தறியிலும் பேசிக் காத்தனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2,47,702 பேர் சௌராட்டிரத்தைத் தாய்மொழியாகப் பதிவு செய்தனர். ஒரே வட்டத்தில் ஒரு சமூகம் பேச்சைக் காத்தது. மற்றொன்று கலையைக் காத்தது.

கடல் கடந்த தமிழரின் வரலாறும் இதை ஒத்தது. 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுசென்றது. அவர்களின் வழித்தோன்றல்களில் மிகப் பலர் இன்று ஆங்கிலம் பேசுகின்றனர். ஆயினும் தெருக்கூத்து அங்கு நெடுங்காலம் நிகழ்த்தப்பட்டது. மொரீசியசில் பல தமிழ்க் குடும்பங்களின் வீட்டு மொழி கிரியோல். ஆனால் தைப்பூசக் காவடி அந்நாட்டின் பொது விடுமுறை நாள். மொழி தளர்ந்த இடத்திலும் நாளோடும் தெய்வத்தோடும் கட்டப்பட்ட வழக்கம் நீடிக்கிறது என்பதை இவை காட்டுகின்றன.

இன்றைய நிலை

இன்று பாகவத மேளா கலைஞர்களில் பலர் வெளியூர்களில் வேலை பார்ப்பவர்கள். விழாவுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து ஆடுகின்றனர். நானூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வூருக்கு வந்து குடியேறியவர்களின் வழியினர் இப்போது இவ்வூரிலிருந்து குடிபெயர்ந்தவர்களாகிவிட்டனர். முன்பு அவர்கள் ஏக்கத்தோடு நினைத்த ஊர் தெலுங்கு நாட்டில் இருந்தது. இப்போது நினைக்கும் ஊர் மெலட்டூர்.

சில கேள்விகளுக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. ஆண்கள் மட்டுமே ஆடவேண்டும் என்ற விதி இருக்கும்வரை, பெண் குழந்தைகள் மட்டுமே உள்ள வீட்டில் வேடம் யாருக்குப் போகும்? பரதநாட்டியமும் இசையும் முறையாகப் பயிலும் பெண்கள் பெருகியுள்ள காலத்தில் இக்கேள்வி வலுக்கிறது. வெளியூரில் பிறக்கும் பிள்ளை, பிள்ளையார் வேடத்துக்கான பயிற்சியை யாரிடம், எப்போது பெறுவான்? மாற்றினால் மரபு கெடுமோ என்று ஒரு சாராரும், மாற்றாவிட்டால் மரபே இராதோ என்று மற்றொரு சாராரும் அஞ்சுகின்றனர். இரண்டு அச்சங்களும் மரபின்மேல் கொண்ட பற்றிலிருந்து வருபவையே.

வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. கொடை கொடுத்த அரசு போயிற்று, நிலம் போயிற்று, வீட்டுப் பேச்சும் பெரிதும் மாறிற்று. நாடகம் மட்டும் நின்றது. அது நின்றதற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒரு பெரியவர் ஒரு சிறுவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல் சொல்லாகக் கற்பித்ததும், அந்தச் சிறுவன் நரசிம்ம செயந்தி இரவில் பெருமாள் முன் வந்து நின்றதுமே ஆகும்.