நல்லூர் வீதியில் ஒரு வரலாற்றுப் பாடம்

எமது பாடசாலைகளில் கல்விச் சுற்றுலா என்றதும் போகும் இடங்கள் எவரும் கேட்காமலே தீர்மானமாகிவிடும். சீகிரியா, கண்டி, பின்னவலை யானைகள் சரணாலயம், திரும்பும் வழியில் ஏதாவதொரு கடற்கரை. புத்தளத்தாராகிய எமக்கு வில்பத்து வனம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 1938ல் தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்த வனத்தில் ஒரு சிறுத்தையைக் கண்டுவிட்ட பிள்ளை அதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் ஓர் இராச்சியத்தின் தலைநகரைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை வீட்டில் என்ன சொல்லும்? இந்தக் கேள்விதான் சென்ற வருடம் தரம் 11 மாணவர்களை நல்லூருக்கு அழைத்துச் செல்ல என்னைத் தூண்டியது.

புறப்படுவதற்கு முன்பு வகுப்பில் ஒரு பயணியின் கதையைச் சொன்னேன். 1344ல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா 'பத்தாலா' என்ற பட்டினத்தில் கரையிறங்கினார். அது எமது புத்தளமே என்பது அறிஞர் பலரது முடிவு. அங்கு அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண இராச்சியத்தின் ஆரியச் சக்கரவர்த்தி. மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும், கடற்கரையில் கறுவாப்பட்டை குவிந்து கிடந்தது என்றும், மன்னர் தமக்கு முத்துக்களை அன்பளித்தார் என்றும் அப்பயணி எழுதிவைத்திருக்கிறார். ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்று அவர் விரும்பியபோது, பல்லக்கும் வழித்துணையும் கொடுத்து அனுப்பியவரும் அதே மன்னரே. துணை போனவர்களில் யோகிகளும் இருந்தனர், பிராமணர்களும் இருந்தனர். ஒரு முஸ்லிம் பயணியை ஓர் இந்து மன்னர் சகல மதத்தாரும் போற்றும் ஒரு மலைக்கு அனுப்பிவைத்த செய்தி இது. அன்று அந்த மன்னர் எமது ஊருக்கு வந்திருந்தார். இன்று நாம் அவரது வழித்தோன்றல்களின் ஊருக்குப் போகிறோம் என்றேன். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது.

அநுராதபுரம், வவுனியா ஊடாக ஏ9 வீதியில் ஏறினோம். 2002ல் திறந்து, 2006ல் மூடி, 2009ல் போர் முடிந்தபின் மீண்டும் திறந்த வீதி அது. எனது மாணவர்களுக்கு இதுவும் மற்றொரு வீதிதான். அவர்களது பெற்றோருக்கு அப்படியல்ல.

நல்லூரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். செகராசசேகரன், பரராசசேகரன் என்ற பட்டப்பெயர்களை மாறிமாறிச் சூடிய மன்னர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். 1450ல் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு அனுப்பிய சப்புமல் குமாரயா இராச்சியத்தைக் கைப்பற்றி, 1467 வரை இங்கிருந்து ஆண்டார். பின்பு அவரே கோட்டைக்குச் சென்று புவனேகபாகு என்ற பெயருடன் முடிசூடினார். 1560ல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கினர். 1591ல் மீண்டும் வந்து மன்னனைக் கொன்று, தமக்கு அடங்கிய ஒருவரை அரியணையில் இருத்தினர். 1619ல் பிலிப்பே டி ஒலிவேரா இறுதி மன்னன் சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்தான். கோவாவில் அவனுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1621ல் பழைய கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. தலைநகரமும் கரையோரத்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றப்பட்டது.

இவ்வளவு நடந்த ஊரில் கண்ணுக்குத் தெரிவது மிகச் சொற்பம். தலைநகரின் நாற்றிசையும் காவலாக நின்றவை என்று சொல்லப்படும் சட்டநாதர், வெயிலுகந்த பிள்ளையார், கைலாயநாதர், வீரமாகாளி அம்மன் கோயில்கள் பின்னாளில் மீளக் கட்டப்பட்டு நிற்கின்றன. 'ப' வடிவில் அமைந்த யமுனா ஏரி இருக்கிறது. சங்கிலியன் தோப்பு என்ற பெயரில் ஒரு நுழைவாயில் வளைவு இருக்கிறது. சற்றுத் தள்ளி மந்திரிமனை. இன்று நிற்கும் இக்கட்டடத்தின் பெரும்பகுதி மன்னர் காலத்துக்குப் பிந்தியது என்பது ஆய்வாளர் கருத்து. ஆயினும் நிலமும் பெயரும் பழையவை. தூண்களும் மரவேலைகளும் சிதைந்து போகின்றன. சுவரெங்கும் வந்துபோனவர்களின் பெயர்கள். எனது மாணவன் ஒருவனும் ஆணியொன்றால் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறத் தொடங்கியிருந்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன். "எல்லாரும் எழுதியிருக்காங்க தானே சேர்" என்றான். பழைய சின்னமொன்றின் சுவர் அதைக் கட்டியவனைப் பற்றிச் சொல்வதற்கென்றே நிற்கிறது. நாம் எழுதினால் அவன் எழுத்து அழியும் என்றேன். அவன் ஆணியை எறிந்துவிட்டான்.

வாசலில் நின்ற முதியவர் ஒருவர் எம்மைக் கவனித்துக்கொண்டிருந்தார். "எங்கயிருந்து வாறியள் தம்பி?" என்றார்.

"புத்தளத்திலிருந்து ஐயா."

"அப்ப எங்கட யாழ்ப்பாணத்து ஆக்களும் அங்க இருப்பினம். சோனகதெருவில எனக்கொரு தையல்காரர் இருந்தவர். தொண்ணூறாம் ஆண்டு போனவர். நான் தைக்கக் குடுத்த துணியும் அவரோட நிண்டுபோச்சு. துணிக்காகக் கேக்கேல்லை. ஆள் சுகமா இருக்கிறாரோ எண்டு அறியத்தான்."

என்னிடம் பதில் இருக்கவில்லை.

பின்பு கந்தசுவாமி கோயிலின் வெளிவீதிக்கு வந்தோம். இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் ஆட்சியில், 1734ல் இரகுநாத மாப்பாண முதலியாரால் எழுப்பப்பட்டது. பழைய கோயில் நின்ற இடம் இதுவல்ல. அது முத்திரைச் சந்தைப் பக்கம், இப்போது கிறிஸ்தவ தேவாலயம் இருக்கும் சூழலில் நின்றது. இக்கோயிலில் ஓதப்படும் கட்டியத்தில் இன்றும் புவனேகபாகு என்ற பெயர் வருகிறது. தெற்கிலிருந்து படையோடு வந்த ஒருவரின் பெயரைத் தமிழர் கோயிலொன்று நூற்றாண்டுகளாக மரியாதையுடன் சொல்லி வருகிறது என்றதும் பிள்ளைகள் வியந்தார்கள்.

இதற்குமேல் ஒரு விடயம் இருந்தது. சொல்வதா விடுவதா என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்திருந்தேன். சொல்லாவிட்டால் நான் ஆசிரியனல்ல என்று பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய 'யாழ்ப்பாண வைபவமாலை', நல்லூரில் சோனகர் குடியிருந்ததைக் குறிப்பிடுகிறது. உசன் முதலிய இடங்களில் இருந்துவிட்டு இங்கு வந்த அவர்களிடம் தமிழர் நிலத்தைக் கேட்டனர். கொடுக்க மறுத்ததால் அவர்களது கிணறுகளில் பன்றி இறைச்சி போடப்பட்டது. அதன்பின் அவர்கள் மேற்கே நாவாந்துறைப் பக்கம் போய்க் குடியேறினர் என்பது அந்நூல் தரும் செய்தி. கோயில் வளவில் ஒரு முஸ்லிம் பெரியாரின் அடக்கத்தலம் இருந்தது என்ற செவிவழிக் கதையும் உண்டு.

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்பு ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப, தொண்ணூறு முதலாவது தரம் இல்லையா சேர்?"

அவளுடைய வாப்பும்மா சோனகதெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணிநேர அவகாசத்தில் ஊர் முழுவதும் வெறுமையானது. அவர்களுள் பெருந்தொகையானோர் வந்து சேர்ந்த மண் எமது புத்தளம்.

நான் அவளுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். இரண்டும் ஒன்றல்ல. ஒன்று ஒரு நிலத்துக்காக அயலவருக்கிடையே நடந்த பூசல். மற்றையது ஆயுதத்தின் முன் ஒரு மாகாணமே ஒரு சமூகத்தை இழந்த அவலம். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து, 'இவர்கள் எப்போதும் இப்படித்தான்' என்று முடிவு கட்டுவது வரலாறு ஆகாது. இன்னொன்றையும் கவனியுங்கள். கிணற்றுக் கதையை எமக்குத் தந்தவர் ஒரு தமிழ்ப் புலவர். தம்மவர் செய்ததை மறைக்காமல் அவர் எழுதினார். அவர் எழுதியிராவிட்டால் நல்லூரில் நாம் வாழ்ந்தோம் என்பதற்கு இன்று எமது கையில் என்ன இருக்கும்? எமது முன்னோர் அதை எழுதிவைக்கவில்லை. குறை எங்கே என்று நாமும் எம்மைக் கேட்க வேண்டும்.

மாலையில் சோனகதெருவுக்கும் போனோம். திரும்பி வந்து குடியேறிய குடும்பங்கள் சிலவற்றின் வீடுகளில் விளக்கு எரிந்தது. வெறும் வளவுகளும் இருந்தன. பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டுப் பஸ் ஏறினோம். அந்த மாணவி ஒரு வளவின் மண்ணைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தாள். வாப்பும்மா கேட்டாராம்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு முதியவரைத் தேடிப் போய், அவரது தெரு, தொழில், அயலவர் பெயர்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். இருபத்தாறு பிள்ளைகள் எழுதி வந்தார்கள். ஒரு கொப்பியில் தையல்காரர் ஒருவர் இருக்கிறார். நல்லூரில் நின்ற அந்த ஐயாவின் ஆள் இவர்தானா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.