சிவப்பு வாளி யாருக்கு? லயத்துத் தீயின் சின்ன வரலாறு

மலையகச் செய்திகளைத் தொடர்ந்து வாசிக்கிறவங்களுக்கு ஒரு செய்தி மனப்பாடமாகவே இருக்கும். "லயன் குடியிருப்பில் தீ. வீடுகள் முற்றாக எரிந்து நாசம். மின்கசிவே காரணம் எனச் சந்தேகம். பாதிக்கப்பட்டவர்கள் தற்காலிகமாகப் பாடசாலையில் தங்கவைப்பு." தோட்டத்தின் பெயரும் வீடுகளின் எண்ணிக்கையும்தான் மாறும். தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, பொகவந்தலாவை என்று ஊர் மாறி மாறி வரும்.

இந்தச் செய்தியில் ஒரு விடயத்தை நாம் பழகிப்போய்க் கவனிக்கிறதே இல்லை. டவுனில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் பெரும்பாலும் ஒரு வீடு எரியும். லயத்தில் தீப்பிடித்தால் ஏன் ஒரு வரிசையே எரியுது? "சனங்க கவனமில்லாம இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. ஆனா இதுக்கான பதில் அடுப்பில் இல்லை. சுவரில் இருக்கு. அந்தச் சுவருக்கு நூறு வருசத்துக்கு மேலான ஒரு கதை இருக்கு.

1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் காணப்பட்டது. அடுத்த இருபது வருசத்துக்குள் கோப்பி அழிந்து, மலைகள் தேயிலைக்கு மாறின. 1885இல் ரயில் பாதை நானுஓயா வரைக்கும் வந்தது. தலவாக்கலையைச் சுற்றியிருந்த மலைகளில் தேயிலையும் பெக்டரியும் லயமும் நிரம்பின. கோப்பி காலத்தில் பருவத்துக்கு வந்து போன கூலிகள், தேயிலைக்கு வருசம் முழுக்கத் தேவைப்பட்டார்கள். ஆனா அவர்களுக்குக் கிடைத்த கூரை குடும்பம் நடத்துவதற்காக யோசிக்கப்பட்டதல்ல; தொழிலாளரைத் தங்கவைப்பதற்காக யோசிக்கப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. முன்னால் ஒரு இஸ்தோப்பு. ரெட்டை லயம் என்றால் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு வரிசை, பின்பக்கம் வாசலும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரே நீளத் தகரக் கூரை.

பல லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டு இருமல் நம்ம வீட்டில் கேட்பது அதனால்தான். இருமல் வரும் வழியாகத்தான் தீயும் வரும். கூரைக்குக் கீழே காய்ந்த மரச்சட்டங்கள். குளிருக்கும் ஒழுக்குக்கும் பயந்து கட்டிய சாக்கு, பொலித்தீன், காட்போட். அடுப்புக்கு மேல் பரணில் காயப்போட்ட கவ்வாத்து மிலாறு. ஒரு மூலையில் பிடித்தால் சூடான புகை மேலே போய், சுவருக்கு மேலாக அடுத்த காம்பராவுக்குள் இறங்கும். நீளமான ஒரு புகைபோக்கியைப் படுக்கவைத்த மாதிரித்தான் லயத்தின் கூரை.

இதைக் கட்டியவர்களுக்கு இது தெரியாதா? தெரிந்திருக்க எல்லா வழியும் இருந்தது. 1666இல் லண்டன் நகரமே எரிந்தது. அடுத்த வருசமே, வீடுகளைச் செங்கல்லாலும் கல்லாலும்தான் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1707இல் இன்னொரு சட்டம்: ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர், கூரைக்கு மேலேயும் 18 அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். ஒரு வீட்டுத் தீ கூரை வழியாக அடுத்த வீட்டுக்குத் தாவக்கூடாது என்பதுதான் நோக்கம். அது லண்டனுக்கு மட்டுமான சட்டம், உண்மைதான். ஆனா அறிவு லண்டனோடு நின்றுவிடவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து அதே நாட்டுத் துரைமார் இங்கே லயம் கட்டும்போது சுவர் கூரைக்கு மேலே போகவில்லை. கூரை வரைக்கும்கூடப் போகவில்லை. இரண்டு மூன்று அடிச் சுவர் மிச்சம் பிடித்தார்கள்.

தீத்தடுப்பின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு விடயம் திரும்பத் திரும்ப வருது. லண்டன் தீக்குப் பிறகு 1680களில் தீக் காப்புறுதி ஒரு வியாபாரமாக எழும்பியது. காப்புறுதிக் கம்பனிகளே தீயணைக்கும் ஆட்களை வைத்துக்கொண்டன. தங்களிடம் காப்புறுதி செய்த கட்டடத்தின் சுவரில் ஒரு உலோகத் தகடு பதித்தார்கள். 1810களில் ஜோர்ஜ் வில்லியம் மேன்பி என்ற ஆங்கிலேயர், அழுத்திய காற்றால் திரவத்தைப் பீச்சும் செப்புக் கலம் ஒன்றைச் செய்தார். இன்னைக்குக் கடைகளில் தொங்கும் சிவப்புச் சிலிண்டருக்கு அதுதான் பாட்டன். இதெல்லாம் மனித உயிரைக் காப்பாற்றவும் உதவியது, மறுக்கவில்லை. ஆனா கருவி முதலில் போய்ச் சேர்ந்தது, எரிந்தால் யாருக்காவது காசு நட்டம் வரும் இடத்துக்குத்தான்.

இந்த அளவுகோலைத் தோட்டத்தில் வைத்துப் பாருங்க. பழைய தேயிலை பெக்டரிகளில் மேல்மாடிகள் மரப் பலகை. அங்கே கொழுந்து வாட்டுவார்கள். கீழே விறகுச் சூளை, சூடான காற்று, எங்கும் தேயிலைத் தூசி. எரிவதற்கு எல்லாமே தயார். அதனால் பெக்டரிக்குள் மணல் நிரப்பிய சிவப்பு வாளி தொங்கும், தீயணைப்புக் கருவி தொங்கும், யாராவது அதைப் பார்த்துக்கொள்வார்கள். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் தீ நேரத்துப் பாதுகாப்பைப் பற்றிப் பேசியது. ஆனா அது வேலைத்தலத்துக்கான சட்டம். வேலை முடிந்து அதே தொழிலாளி போய்ப் படுக்கும் காம்பராவுக்கு அது வராது.

லயத்தைப் பற்றி வெள்ளைக்காரச் சட்டம் யோசிக்கவே இல்லையா? யோசித்தது. 1912இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கும் நோய்த் தடுப்புக்கும் இரண்டு கட்டளைச் சட்டங்கள் வந்தன. வாந்திபேதியும் கொக்கிப்புழுவும் ஆள்பலத்தைக் குறைக்கும், லயத்தைத் தாண்டியும் பரவும். அதனால் சுகாதாரம் சட்டமானது. தேயிலைச் செடியின் நலனுக்கு 1925இல் ஒரு ஆராய்ச்சி நிலையமே உருவானது. நம்ம தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் இன்னைக்கும் இருக்கு. லயத்துத் தீ மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அதில் எரிவது ட்ரங்குப் பெட்டியும் பாயும் கம்பளியும் பாத்திரமும். துரையின் கணக்குப் புத்தகத்தில் அதுக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆனா அந்த ட்ரங்குப் பெட்டிக்குள் என்ன இருந்தது? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, நம்ம ஆட்களுக்குக் கடதாசிதான் உயிர். 1949இன் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டவர்கள், 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழு வருசமோ, தனி ஆள் என்றால் பத்து வருசமோ தொடர்ச்சியாக இந்த நாட்டில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இன்னும் கடதாசி. பிறப்புப் பத்திரம், துண்டு, பாஸ்போட் எல்லாம் அந்தப் பெட்டியில். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு காம்பரா எரிந்தால் சாமான் மட்டும் போகவில்லை. நாடற்றவர்களாக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் அத்தாட்சியும் போனது.

1977இலும் 1983இலும் தீ தானாக வரவில்லை, ஆட்கள் கொண்டுவந்தார்கள். லயங்கள் கொளுத்தப்பட்டன. 1983 ஜூலையில் நுவரெலியா டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டன. வயசானவர்களிடம் "லயம் எரிஞ்சது" என்று சொன்னால், "யாரு வச்சது?" என்று முதலில் கேட்பதற்குக் காரணம் இதுதான். கொளுத்திய தீயையும் மின்கசிவுத் தீயையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனா இரண்டுக்கும் ஓடியது ஒரே கூரைதான்.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகின. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. முதலாளி மாறியும் லயத்தின் சுவர் வளரவில்லை. வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை, அதனால் அவர் சுவரை உடைத்துக் கட்ட முடியாது. கம்பனிக்கு லயம் வருமானமில்லாத செலவு. இலங்கையில் தீயணைப்புப் படை என்பது பெரும்பாலும் மாநகர சபை, நகர சபைகளின் சேவை. தோட்டங்களோ பெரும்பாலும் பிரதேச சபை எல்லைக்குள். அந்தச் சபைகள் தோட்டத்துக்குள் நிதி செலவழிக்க 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தடையாக இருந்தது, 2018இல்தான் திருத்தப்பட்டது. வோட்டுப் போடலாம், ஆனா சபைக் காசு லயத்துக்கு வராது என்ற நிலை முப்பது வருசம் நீடித்தது.

இதுக்கிடையில் மின்சாரம் வந்தது. தலவாக்கலையிலேயே 150 மெகாவோட் மேல் கொத்மலை மின் நிலையத்தின் அணை 2012இலிருந்து வேலை செய்யுது. லயத்துக்குள் போனால் வேறு கதை. ஒரு பல்பு எரிவதற்காக இழுத்த வயரில் இன்னைக்கு டிவி, கேத்தல், ரைஸ் குக்கர், போன் சார்ஜர் எல்லாம் தொங்குது. ஒரு இணைப்பிலிருந்து இரண்டு வீட்டுக்கு இழுத்த இடங்களும் உண்டு. "மின்கசிவு" என்று பொலிஸ் எழுதுவது பொய் இல்லை. ஆனா அது தீ தொடங்கிய காரணம் மட்டும். தீ பரவிய காரணம் அந்த அறிக்கையில் இருக்காது.

வேறு இடத்தில் இப்படி நடந்தபோது என்ன செய்தார்கள்? 1961 மே 25ஆம் திகதி சிங்கப்பூரில் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்தது. சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அதுக்கு முந்தின வருசம்தான் அங்கே வீடமைப்பு அபிவிருத்திச் சபை தொடங்கியிருந்தது. எரிந்த இடத்தில் திரும்பக் குடிசை போடாமல் கொங்கிரீட் மாடிகள் எழும்பின. தன் திட்டத்தை வேகப்படுத்த அரசு அந்தத் தீயைப் பயன்படுத்திக்கொண்டது என்ற விமர்சனமும் உண்டு. இருந்தாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். அங்கே தீ வீட்டுப் பிரச்சினையாகப் பார்க்கப்பட்டது. இங்கே தீ நிவாரணப் பிரச்சினையாகப் பார்க்கப்படுது. பாய், அரிசி, பருப்பு, ஒரு போட்டோ. பிறகு அதே இடத்தில் தகரக் கொட்டில்.

தனி வீடு வந்த இடங்களில் நிலைமை வேறு. ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்ற திட்டமும், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்த மேலதிக 10,000 வீடுகளும் குறைகளோடுதான் நகருது. ஆனா அந்த வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் வெறும் நிலம் இருக்கு. தீக்கு அதுதான் 1707இன் சுவர்.

அதுவரைக்கும் லயத்தில் இருக்கிறவர்கள் என்ன செய்வது? "வீட்டுக்கொரு தீயணைப்புக் கருவி வாங்குங்க" என்று நாட்சம்பளக் குடும்பத்திடம் சொல்வது நியாயமில்லை. ஆனா தோட்டங்களில் மரண சகாய சங்கம் ஒரு செத்த வீட்டுக்குக் காசும் பாத்திரமும் ஒழுங்கு பண்ணுது. அதே மாதிரி ஒரு லயத்துக்கு ஒன்றோ இரண்டோ கருவி பொதுவாக வாங்கலாம். வாங்கும்போது ஏபிசி வகை உலர் பவுடர் கேளுங்க. விறகு, மண்ணெண்ணெய், மின்சாரம் மூன்றுக்கும் அது போகும். முள் பச்சையில் இருக்குதா, திகதி முடிந்துவிட்டதா பாருங்க. சின்னச் சிலிண்டர் சில வினாடிதான் வரும். ஆகவே தீ வாளியளவு இருக்கும்போதே, தீயின் அடியைப் பார்த்து அடிக்கணும். அடுப்புப் பக்கம் மாட்டாமல், வெளியே ஓடும் வாசல் பக்கம் மாட்டுங்க. பூட்டிய வீட்டுக்குள் வைக்காதீங்க.

காசில்லாமலும் சில வேலை செய்யலாம். மணல் வாளி பெக்டரிக்கு மட்டும் சொந்தமில்லை. பீலியிலிருந்து லயத்து நுனி வரைக்கும் எட்டும் ஒரு ஹோஸ் வேண்டும். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணி ஊற்றாமல் மூடியால் மூடணும். மெயின் சுவிட்ச் எங்கே என்று பிள்ளைகளுக்கும் தெரியணும். மிலாறை அடுப்புக்கு மேல் அடுக்காதீங்க. கடதாசிகளை ஒரு பையில் போட்டு வாசலருகே வைங்க, போனில் படமும் எடுத்து வைங்க.

இதோடு இன்னொரு வேலையும் இருக்கு. 2018இன் திருத்தத்துக்குப் பிறகு, சட்டம் விடல என்று பிரதேச சபை சொல்ல முடியாது. உங்கள் வட்டார உறுப்பினரிடம் மூன்று கேள்வி கேளுங்க: தீயணைப்பு வண்டி எங்கிருந்து வரும்? எங்கள் ரோட்டில் ஏறுமா? காம்பராவுக்கிடையிலான சுவரைக் கூரை வரைக்கும் உயர்த்த இந்த வருச பட்ஜெட்டில் எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்குங்க.