பெர்லின் – ஃபிராங்க்ஃபர்ட்: 430 கிலோமீட்டரின் கதை

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால், இடையே உள்ள தூரத்தைச் சொல்ல பத்து வரி ப்ரோக்ராம் போதும். பெர்லினின் டெம்பெல்ஹோஃபுக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் போட்டுப் பார்த்தேன். சுமார் 430 கி.மீ. வந்தது. அதை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் நேரம். அவ்வளவுதான்னு நினைத்தேன். கொஞ்சம் வரலாற்றைப் புரட்டியதும், 1945-லிருந்து 1990 வரை இந்தக் கணக்கு மட்டும் போதாது என்று தெரிந்தது.

போருக்குப் பிறகு பெர்லின், சோவியத் பகுதிக்கு நடுவில் ஒரு தீவு மாதிரி ஆகிவிட்டது. மேற்கிலிருந்து அங்கே பறப்பதற்கு 1945 நவம்பர் 30-ல் நான்கு நாடுகளும் சேர்ந்து மூன்று வான்பாதைகளை ஒப்புக்கொண்டன. ஒன்று ஹாம்பர்க் பக்கம், ஒன்று ஹானோவர் பக்கம், ஒன்று ஃபிராங்க்ஃபர்ட் பக்கம். ஒவ்வொன்றின் அகலமும் 20 மைல், அதாவது 32 கி.மீ.தான். உயரத்திலும் கட்டுப்பாடு உண்டு. 10,000 அடிக்கு மேலே போவதை சோவியத் தரப்பு ஏற்கவில்லை. மேற்கத்திய விமானங்களும் அதற்குக் கீழேயே பறந்தன. ஜெட் விமானங்கள் வந்த பிறகும் இதே கதைதான். அந்த உயரத்தில் காற்று அடர்த்தி அதிகம், ஜெட் எரிபொருளைக் குடித்துத் தீர்க்கும்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி. ஜெர்மனியின் சொந்த லுஃப்தான்சா, போருக்குப் பிறகு பெர்லினுக்குத் திரும்பியது 1990 அக்டோபரில்தான்.

1948 ஜூனில் சோவியத் ராணுவம் மேற்கு பெர்லினுக்கான சாலை, ரயில், படகுப் பாதைகளை அடைத்தது. மாவும் நிலக்கரியும் விமானத்தில்தான் போயின. மொத்தம் சுமார் 23 லட்சம் டன். நெரிசலைச் சமாளிக்க ஒருவழிப் பாதை வைத்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து போகும்போது தெற்குப் பாதை, திரும்பும்போது நடுப்பாதையில் ஹானோவர் பக்கமாகச் சுற்றி வரணும். என் ப்ரோக்ராமில் இரண்டு பக்கமும் ஒரே தூரம். அந்த விமானிகளுக்கு அப்படி இல்லை.

பாதையை விட்டு விலகினால் என்ன ஆகும்? 1952 ஏப்ரல் 29-ல் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்த ஏர் பிரான்ஸ் விமானத்தை சோவியத் மிக்-15 விமானங்கள் சுட்டன. பாதையை விட்டு விலகியது என்றது சோவியத் தரப்பு. மேற்கு நாடுகள் மறுத்தன. துளைபட்ட விமானம் டெம்பெல்ஹோஃபில் பத்திரமாக இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை.

இவ்வளவு தொல்லை இருந்தும் இந்தப் பாதையை ஏன் விடவில்லை? கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பியவர்கள், 1961-ல் சுவர் எழும்பும் வரை, நகர ரயிலில் ஏறியே மேற்கு பெர்லினுக்கு வந்துவிட முடிந்தது. ஆனால் அங்கிருந்து மேற்கு ஜெர்மனிக்கு சாலையிலோ ரயிலிலோ போனால், எந்த அரசிடமிருந்து தப்பினார்களோ அதே அரசின் காவல் சாவடியில் மாட்டிக்கொள்வார்கள். அந்தச் சாவடி இல்லாத ஒரே வழி ஆகாயம்தான். மரியென்ஃபெல்டே முகாமில் பதிவு செய்துகொண்ட ஆயிரக்கணக்கானோர் இப்படித்தான் விமானம் ஏறினார்கள். கையில் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு, கீழே தெரிந்தது விட்டுவந்த அதே நாடு. அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்!

டெம்பெல்ஹோஃப் 2008-ல் மூடப்பட்டது. இன்று அது பூங்கா. அந்த ஓடுபாதையில் ஜனங்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.